ரசீது எண் முப்பத்தெட்டு

அணையில் மதகுகளைத் திறந்த அன்று
காவேரிப்பட்டணத்துத் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி,
கம்பி ஒடிந்த குடை, ரசீதுப் புத்தகம்,
நீலக் கார்பன் தாள் இரண்டு.
தாசில்தார் சொன்னது ஒன்றுதான்:
தடுப்பைத் தாண்டினால் ஐந்நூறு.
ஆள் பார்க்காதே.

ஆள் பார்க்கவில்லை நான்.
வெள்ளத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி
செல்போனைத் தூக்கிச் சிரித்தவன், ஐந்நூறு.
நிப்பட்டு மூட்டையைத் தலையில் வைத்தபடி
நனையாமல் போக வழி கேட்டவர்
கேட்டுக்கொண்டே இறங்கிவிட்டார், ஐந்நூறு.
அக்கரைக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை
சட்டை கசங்காமல் நின்று வாதாடினான்:
"நல்ல நேரம் போவுதுங்க."
தென்பெண்ணைக்கு ஏது ராகுகாலம்.
அவனுக்கும்.

காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
சுண்டுவிரல் நீளம்.
"தடையை மீறியது" என்று எழுதினால்
சரியாக நிரம்பிவிடும்.
ஒரு புள்ளிக்கும் மேலே இடமில்லை.

மூன்று மணிக்கு அவள் வந்தாள்.
வந்தாள் என்ன, காவலர் கூட்டி வந்தார்.
இடுப்புவரை செம்மண் தண்ணீர்.
பிள்ளையைப் போல் அணைத்திருந்தது
ஒரு தையல் மெஷினின் தலை.
மிதிகட்டையும் மேஜையும் அங்கேயே நிற்கின்றனவாம்.

பெயர்? எல்லக்கா.
கணவர்? ஓபுளேசன்.
தெரு?
"பம்பு ரூமுக்குக் கீழ்த் தெரு."

பேனா நின்றது.

முந்தின நாள் இரவு
மைக்கைக் கையில் கொடுத்துப் பன்னிரண்டு தெரு சொன்னார்கள்.
தாழ்வான பகுதியில் குடியிருப்போர் உடனடியாக
என்று தொண்டை கட்டும்வரை
பதினொரு தெருவில் கத்தினேன்.
பம்பு ரூமைத் தாண்டிச் சேறு. வண்டி சறுக்கியது.
தூங்குகிறவர்களை எழுப்புவானேன் என்று நினைத்தேனா,
அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேனா,
ஞாபகமில்லை என்று
எனக்கே சொல்லிப் பார்க்கிறேன்.
பதிவேட்டில் பன்னிரண்டு என்றுதான் எழுதினேன்.

"யாரும் சொல்லலைங்க சார்."
குற்றம் சாட்டும் குரலில் அல்ல,
பஸ் போயிடுச்சா என்று கேட்கும் குரலில்.
"விடியக்காலம் பாய் மெதந்துச்சு, அப்பத்தான் தெரிஞ்சுது.
பசங்கள இஸ்கூல்ல விட்டுட்டு
மெஷினுக்குத்தான் திரும்பிப் போனேன்.
தவணை இன்னும் ஏழு பாக்கி."

இதைக் கட்டத்தில் எழுத முடியாது.
எழுதினால்
முதல் வரி என்னிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஈரப் பையிலிருந்து நோட்டுகளைப் பிரித்து எண்ணினாள்.
நானூற்று முப்பது.
மீதியை நான் போட்டேன்.
எழுபது ரூபாய்.
ஒரு தெருவுக்கு அது என்ன கணக்கு என்று
யாரும் கேட்கவில்லை.

அழுத்தி எழுதினேன்: தடையை மீறியது.
கிழித்துக் கொடுத்த தாளில் மழை விழுந்து
அவள் பெயர் அங்கேயே கரைந்தது.
மடித்து மெஷினின் சக்கரத்தடியில் செருகிக்கொண்டாள்.
புத்தகத்தில் இருக்கும் நகலில் கரையவில்லை.
மேலே அவள் பெயர். கீழே என் கையெழுத்து.

நிமிர்ந்தேன்.
யாரோ ஒருவன் தடுப்புக்கடியில் குனிகிறான்.
எழுந்து கத்தினேன்.
பதினொரு தெருவில் போன குரல்
வெறும் காற்றாக வந்தது.