ஐந்தாவது கிளாஸ்

பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும்.
தக்கை நனைந்தபடி இருந்தால்தான் காற்று உள்ளே வராது.
கானாடுகாத்தானில் எங்கள் ஓட்டலுக்கு
அதற்கென்று நிலவறை கிடையாது.
கல்யாணச் சாமான் அடுக்கியிருந்த இருட்டறையில்
அண்டாக்கள் போன இடத்தில் படுத்திருக்கின்றன
நூற்றுப் பதினெட்டு பாட்டில்கள்.
சாவி என் இடுப்பில்.

இந்த வேலைக்கு வருமுன்
ஒயின் என்றால் எனக்கு
ஞாயிற்றுப் பூசையில் சாமியார் குடிப்பது.
கோவாவில் ஆறு வாரப் பயிற்சி.
டானின், டானின் என்று நாக்கைச் சுழற்றி
அரைமணி நேரம் விளக்கினார் சார்.
துவர்ப்பு என்று நோட்டில் எழுதிவிட்டுச்
சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாழைக் கச்சலைக் கடித்துப் பார்த்தவளுக்கு
அதற்குமேல் என்ன பாடம்.

டிரை என்றால் காய்ந்தது இல்லை, இனிப்பில்லாதது.
சிவப்பை அறையின் குளிர்ச்சியில் பரிமாறு
என்கிறது புத்தகம்.
யார் வீட்டு அறை?
சித்திரையில் இங்கே அறை என்பது
அடுப்புக்குப் பக்கத்து வீடு.
இருபது நிமிஷம் ஐஸ் வாளியில் வை,
யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

கேஸ் என்றதும் அந்த இருவர்.
ஏகப்பன், வயிரவன். பங்காளிகள்.
ஒரே முகப்புக்கு இரண்டு பூட்டு
என்று இருபத்திரண்டு வருஷம் நடந்த வழக்கு
அன்று மத்தியானம் தேவகோட்டைக் கோர்ட்டில்
ராஜியில் முடிந்திருந்தது.
சேர்ந்து ஒருவேளை சாப்பிடுங்கள் என்றாராம் வக்கீல்.
இரண்டு கார்களில் வந்தார்கள்.
ஒயின் இருவருக்குமே முதல் தடவை.
"இருக்கிறதிலேயே விலை கூடினது" என்றார் ஏகப்பன்.
"வேண்டாம், அதுக்கு அடுத்தது" என்றார் வயிரவன்.

விசேஷத்துக்குப் பாட்டில் எடுப்பவர்கள்
விசேஷத்தைப் பார்த்துவிட்டுத்தான்
விலையைப் பார்க்க வேண்டும்.
நுரைக்கிற பாட்டில் ஜெயித்தவர்களுக்கு.
இங்கே ஜெயித்தவர் இல்லை.
வயதான கனத்த சிவப்பு பழசைக் கிளறும்.
போதாததற்கு மிளகுக் கோழி சொல்லியிருந்தார்கள்,
காரமும் துவர்ப்பும் ஒரே வாயில் இருந்தால்
அங்கேயும் ஒரு வழக்கு.
நாசிக்கிலிருந்து வந்த செனின் பிளாங்க் எடுத்தேன்.
வெள்ளை. துளி இனிப்பை மிச்சம் வைத்தது.
காரத்தை எதிர்க்காது,
பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.
பட்டியலில் கீழிருந்து மூன்றாவது.

தண்டைப் பிடியுங்கள், மேலே பிடித்தால் கைச்சூடு ஏறும்.
மெல்ல ஒரு சுற்று. மூக்கு முதலில்.
"செங்காய்க் கொய்யா" என்றார் வயிரவன்.
"கொல்லைக் கொய்யா" என்றார் ஏகப்பன்.
இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.
கொல்லை யார் பங்குக்குப் போனதென்று
நான் கேட்கவில்லை.

பாட்டிலுக்கு எழுநூற்றைம்பது மில்லி.
அளந்து ஊற்றினால் ஐந்து கிளாஸ்.
மனப்பாடம் செய்தபோது
இதில் வில்லங்கம் இருப்பது தெரியவில்லை.
ஆளுக்கு இரண்டு ஆயிற்று.
அடியில் ஐந்தாவது நின்றது.
"நீங்க எடுத்துக்கங்க."
"இல்லை, நீங்க."
பாதி பாதி ஊற்றட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றார்கள், ஒரே குரலில்.
பாதி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு
காது காய்த்தவர்கள்.
"மூடி வைங்க. இன்னொரு நாள் வர்றோம்."

திறந்த வெள்ளை, குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும்,
அப்புறம் காடி என்றேன்.
"மூணு நாள் வாய்தா" என்று சிரித்தார் ஏகப்பன்.
பில்லுக்குச் சின்னதாய் ஒரு சண்டை நடந்தது.

துண்டுக் காகிதத்தில் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினேன்,
வம்பு வேண்டாமென்று அகர வரிசையில்.

மறுநாள் யாரும் இல்லை.
அதற்கு மறுநாள் ஒரு ஜெர்மன் குடும்பம்,
எல்லோருக்கும் இளநீர்.
மூன்றாம் நாள் நாலு மணிக்கு வயிரவன் போன்:
"அவர் வந்தாரா?"
நாலேகாலுக்கு ஏகப்பன்:
"அவர் வந்துட்டாரா?"
கிளம்பிவிட்டார் என்றேன்,
இரண்டு பேரிடமும்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதா, விடுவதா
என்று யோசித்தபடி
பாட்டிலைப் பத்து நிமிஷம் வெளியே வைத்தேன்.
ரொம்பக் குளிர்ந்திருந்தால்
கொய்யா வாசம் எழும்பாது.