இருபத்தெட்டு நாள்

கம்பத்தில் ஜீப்பு இறக்கிவிடும் இடத்துக்கு எதிரே
நீலக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள் நாகஜோதி.
"நம்பர் அதேதாங்க்கா, கம்பெனி மட்டும் மாறும்.
ஒரு மெசேஜு, எட்டெழுத்து, மூணு நாளு, அவ்வளவுதான்."
காலித் தூக்குவாளியோடு நிற்கிறேன்.
முட்டிவரை தோட்டத்துச் சேறு.
குடையில் எழுதியிருந்த விலையைப் படித்தேன்,
திரும்பவும் படித்தேன்.
என்னுடையதைவிட நாற்பது ரூபாய் குறைவு.

மாசத்துக்கு முப்பது நாள் என்று
எல்லாருக்கும் சொன்னவர்கள்
போன் கம்பெனிக்குச் சொல்லவில்லை.
அவர்கள் மாசம் இருபத்தெட்டில் முடிந்துவிடும்.
வருசத்துக்குப் பதின்மூன்று தடவை கட்டுகிறேன்.
அந்தப் பதின்மூன்றாம் மாசத்துக்குப்
பேரும் கிடையாது, நோம்பும் கிடையாது,
சம்பளமும் கிடையாது.

காலையில் சுருளியின் ஜீப்பில் பதினாறு பேர்.
வளைவு ஏற ஏற
சிக்னல் கோடு ஒவ்வொன்றாக இறங்கிக்கொள்ளும்.
கம்பமெட்டுச் செக்போஸ்ட்டில் ஒன்று மிஞ்சும்,
அதுவும் மலையாளத்துக் கோடு.
அதற்கப்புறம் ஏலத்தோட்டம்.

பத்தாவது படிக்கிற காவ்யா
டீச்சர் போனிலிருந்து மத்தியானம் கூப்பிட்டால்
ஒரு பொம்பளைக் குரல்தான் எடுக்கும்:
"நிங்ஙள் விளிக்குன்ன ஆள் பரிதிக்குப் புறத்தாணு."
பரிதி என்றால் மேலே எல்லை.
கீழே, இவள் தமிழ்ப் புத்தகத்தில், சூரியன்.
"சூரியனுக்கு வெளிய போயிட்டியாம்மா?"
சாயங்காலம் கேட்டாள். சிரித்தோம்.
ஆனால் நிசம்தான்.
பலாவும் சந்தனவேம்பும் மூடிய நிழலில்
தூருக்குக் குனிந்து காய் கிள்ளும்போது
மணி பத்தா மூணா என்று
வயிறு சொன்னால்தான் தெரியும்.

ஓடைக்கு மேலே ஒரு பாறை உண்டு.
ஷிபு சார் அந்தப் பக்கம் போனபிறகு ஏறி
வண்டன்மேட்டைப் பார்த்து நின்றால்
என் பழைய கம்பெனி கேட்கும்.
புதுசு அங்கே எடுக்குமா?
"மலையெல்லாம் எடுக்கும்க்கா."
எந்த மலை என்று சொல்லவில்லை.

சரி, நாற்பது ரூபாய்.
ஒரு கிலோ தக்காளி, அவளுக்கு ஒரு நோட்டு.
மாத்திவிடு என்றேன்.
"சிம்மு யார் பேர்லக்கா வாங்குனது?"

நாலு வருசமாக வாயில் எடுக்காத பேரை
ஹாரன் சத்தத்துக்கு மேலே, ரெண்டு தடவை,
கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.
தவசி.
"அப்ப அவரை ஒருதரம் வரச் சொல்லுங்க.
விரல் வைக்கணும்."

சூரத்துக்கு, முறுக்குக் கம்பெனிக்கு என்று போனவன்.
வருசத்துக்குப் பதின்மூன்று, நாலு வருசம்.
ஐம்பத்திரண்டு தடவை
அவன் பேரைச் சாகவிடாமல் காசு கட்டியிருக்கிறேன்.
சீட்டாடியே வீட்டைத் தொலைத்தவனுக்கு
ஒரு முழுக் கட்டு.

நாகஜோதி என் முகத்தைப் பார்த்தாள்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
"புது நம்பரே போட்டுக்கங்களேன், உங்க பேர்ல."

பழைய நம்பர் கேஸ்காரருக்குத் தெரியும்.
ரேஷனுக்கு, பேங்குக்கு,
ஷிபு சாருக்கு, பள்ளிக்கூடத்து குரூப்புக்கு.
எல்லாவற்றிலும் போய் வரிசையில் நிற்கணும்,
ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போகும்.
அவனுக்கும் தெரியும்.
தெரிந்து என்ன.

விரலை வைத்தேன். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை.
ஏலக்காய்க் கறை.
சேலையில் தேய்த்து, எச்சில் தொட்டு,
மூன்றாவது தடவை ஒத்துக்கொண்டது.
நகத்தளவுத் தகடு ஒன்று கொடுத்தாள்.
"இப்பவே மாட்டித் தரட்டுமாக்கா?"

வேண்டாம்.
பழசில் இன்னும் மூணு நாள் கிடக்கிறது.
காசு கொடுத்த நாளை விடுவானேன்.
தினம் நூறு மெசேஜு, அளவில்லாத பேச்சு.

யாரிடம் என்று யோசித்தபடியே
உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறினேன்.
சில்லறை இருக்கா என்றார் கண்டக்டர்.
இருந்தது.