ஒன்று விட்டு ஒன்று

தொண்ணூற்று நாலு, மே மாதம்.
புதுவண்ணாரப்பேட்டையில்
எங்கள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூட மைதானத்தில்
பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கோடை முகாம்.
இருபத்தோரு நாள், காலை ஆறிலிருந்து எட்டு.
ஐந்து ரூபாய் கட்டவேண்டும்.
நோட்டு வாங்க என்றேன் அப்பாவிடம்.
பள்ளிக்கூடமே இல்லாத மாதத்தில் என்ன நோட்டு என்று
அவர் கேட்கவில்லை.
ஹார்பரில் ராத்திரி ஷிஃப்ட் முடித்த தூக்கத்தில்
ஆணியில் தொங்கிய சட்டையைக் கைகாட்டினார்.

சுண்ணாம்பில் எட்டுக் கட்டம்.
உட்காரும்போது ஒருத்தி கேட்டைப் பார்க்க,
அடுத்தவள் மதிலைப் பார்க்க,
ஒன்று விட்டு ஒன்று.
எனக்கு எப்போதும் மதில்தான் வாய்த்தது.
மதிலுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி போகும்.
மதிலுக்கு மேலே ஐந்தாறு பையன்களின் தலை.
பல்கீஸ் ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு
அவர்களை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள்,
சாமியைக் கும்பிடுவதுபோல், கண்ணை மூடி, வெகுநேரம்.
மறுநாள் ஒரு தலையும் இல்லை.

விதிகள் இன்னும் மனப்பாடம்.
நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது.
எடுத்த திசையை மாற்றக் கூடாது, கம்பத்தைத் தொடும்வரை.
முதுகில் கை பட்டு, காதில் 'கோ' விழுந்தால்தான் எழலாம்.
சொன்னவள் எழுந்தவளின் இடத்தில் உட்கார வேண்டும்.
அதற்கப்புறம் இத்தனை தெளிவாக
எனக்கு யாரும் விதி சொன்னதில்லை.
விதிகள் இருந்தன.
தப்பு செய்த பிறகு தெரிந்துகொண்டேன்.

வீட்டில் என் பெயர் ஒரு வேலை.
தமயந்தி என்றால் குடம்,
தமயந்தி என்றால் தம்பி அழுகிறான்,
தமயந்தி என்றால் ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறான், ஓடு.
அந்த இரண்டு மணி நேரம் நான் ஏழாம் நம்பர்.
ஏழாம் நம்பரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை,
ஓடு என்பதைத் தவிர.
அதே சொல்தான்.
காலுக்கு வித்தியாசம் தெரிந்தது.

கடைசி நாள் போட்டோ.
அன்று பார்த்துத் தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன்.
நம்பர் துணியைக்கூடக் கழற்றாமல் ஓடி
வரிசையில் நின்றேன், பதினெட்டாவதாக.
ஏழாவது நிக்கவேண்டியவ இங்க நிக்கறா என்று
லாரிக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.
அந்தப் போட்டோவைப் பல வருஷம் கழித்து
ஹேமாவதி வீட்டுப் பீரோ கண்ணாடியில் பார்த்தேன்.
அவளுக்கும் பிளோமினாவுக்கும் நடுவில்தான் என் இடம்.
இடைவெளி எதுவும் இல்லை.
நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

பல்கீஸை ஆம்பூரில் கொடுத்தார்கள்.
பிளோமினா எண்ணூரில் இருப்பதாகச் சொன்னார்கள்,
இல்லை என்றும் சொன்னார்கள்.
நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில்
பதினாறு வருஷம் காலர் தைத்தேன்.
ஒரு சட்டையை முழுசாகத் தைத்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரி.
முட்டி வலி. டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
இரும்பு நாற்காலிகள் முதுகோடு முதுகாக,
ஒரு வரிசை மருந்துக் கவுண்ட்டரைப் பார்த்து,
மறு வரிசை சுவரைப் பார்த்து.
எனக்குச் சுவர்.

பின்னாலிருந்து முதுகில் ஒரு கை பட்டது.

சொல் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.
வலது கால் முன்னே, இடுப்பு தாழ்ந்து,
மடியிலிருந்த எக்ஸ்ரே கவர் சறுக்கிக்கொண்டு போனது.
"முந்தானை கீழ பெரளுது ஆன்ட்டி, அதான்..."
என்றாள் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பயந்துபோய்.

கோ சொல்லுமுன் எழுந்தால் தப்பாட்டம்.
விசில் அடிப்பார்கள்.
யாரும் அடிக்கவில்லை.
எழுந்தாயிற்று.
எடுத்த திசையிலேயே நடந்தேன், வலியோடு,
வராந்தாக் கடைசித் தூண்வரை.
தூணில் சளித்தடுப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
அதன்மேல் கை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால்
என் நாற்காலியில் அந்தப் பெண்,
எக்ஸ்ரே கவரை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு,
சுவரைப் பார்த்து.