ரசமட்டம்

ஹார்டுவேர் கடையில் போய்
ரசமட்டம் வேண்டும் என்றேன்.
"ஒன்பது இஞ்சா, ரெண்டடியா?"
எனக்கு ரசம் தெரியும், மட்டம் தெரியாது.
சின்னதாகக் கொடுங்கள் என்றேன்,
கைக்குழந்தைக்குச் செருப்பு வாங்குகிற மாதிரி.

இருசப்பன் மேஸ்திரி கேட்டது எழுபதாயிரம்.
அதுவும் ஆவணி பிறந்த பிறகுதானாம்.
மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் முடிந்து
எனக்கு ஒரே ஷிப்டு.
சம்பங்கிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ட்யூட்டி.
நான்கு கை, ஒரு சுத்தியல், ஒரு உளி,
செல்போனில் பார்த்த பதினோரு வீடியோ.
காவேரிப்பட்டணத்தில் கடன் போட்டு வாங்கிய வீடு,
நாற்பது வருஷத்து அடுப்படி.
உடைப்பது சுலபமாக இருந்தது.
அதில்தான் ஏமாந்தோம்.

முதல் நாள் மேடை போனது.
இரண்டாம் நாள் குழாய் போனது,
உடைக்க நினைக்கவே நினைக்காத குழாய்.
கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு
வால்வு எங்கே வால்வு எங்கே என்று
தெருவே கேட்கக் கத்தினார் சம்பங்கி.
அது பக்கத்து வீட்டுக் குளியலறையில் இருந்தது.
ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏழு வாரம் ஹாலில் சமையல்.
செய்தி வாசிப்பவர் முகத்தில் தாளித்த எண்ணெய்.
பாத்திரம் கழுவுவது குளியலறையில்,
குளிப்பது பாத்திரங்களுக்கு நடுவில்.
உப்பு டப்பாவுக்குள்ளும் சிமெண்ட்.
"ரசம் கெட்டியா இருக்கும்மா,
நாளைக்குத் தண்ணி தெளிச்சு க்யூரிங் பண்ணணுமா?"
என்றாள் ஹேமப்ரியா.

சுவரில் பழைய டைல்ஸ் எல்லாம் வானநீலம்.
தெற்கு மூலையில் ஒன்பது மட்டும் மயில்நீலம்.
வீடு பார்க்க வந்த நாளிலேயே சிரித்திருக்கிறேன்.
உரித்தபோது
பூச்சின்மேல் பென்சில் கணக்கு:
9 × 7 = 54.
கீழே இரட்டைக்கோடு, அவ்வளவு நிச்சயம்.
திரும்பக் கடைக்குப் போனபோது
அந்த நீலம் தீர்ந்திருக்கும்.

யார் நீ?
உரக்கடைக்காரர் என்கிறது பத்திரம்.
அவரா, அவர் மனைவியா,
அன்றைக்கும் மேஸ்திரி எழுபது கேட்டாரா,
அந்தக் காலத்து எழுபது?
அதன்மேல் கலவை அப்ப மனம் வரவில்லை.
தட்டில் கலவை இறுகிக்கொண்டிருந்தது.
மனம் வராமலே அப்பினேன்.

நான் மூன்று தடவை பெருக்கிப் பார்த்து வாங்கினேன்.
இருபத்திரண்டு மிஞ்சி
கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

மேடைக்குக் கல், பர்கூர் பக்கத்து பாலீஷ் ஃபேக்டரியில்,
கப்பலேறாத வெட்டுத்துண்டு இரண்டு.
ஒன்று கறுப்பு.
இன்னொன்று வீட்டுக்கு வந்த பிறகு கறுப்பில்லை.
சின்ன யானையிலிருந்து இறக்கும்போது
யார் எந்தப் பக்கம் என்பதில் பாதி பலம் போனது.
பழைய மேடை என் இடுப்பை ஒடித்ததென்று
ஐந்து இஞ்ச் உயர்த்தியிருந்தேன்.
இப்போது வெங்காயம் நறுக்க
சம்பங்கி பலகை போட்டு நிற்கிறார்.

ரசமட்டம் வைத்தோம். குமிழ் நடுவில் நின்றது.
அவர் விரலை எடுத்ததும் நகர்ந்தது.
"அந்தப் பக்கம் தட்டுங்க."
"தட்டியாச்சு."
"இன்னும்."
"என்னை மட்டம் தட்டாதே."
"கல்லைத்தான் தட்டச் சொல்றேன்."
அன்று ராத்திரி ஹாலில் அடுப்பு எரியவில்லை.
மூவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்
ஆளுக்கொரு முட்டை தோசை,
ஆளுக்கொரு திசை பார்த்து.

ஆவணியில் இருசப்பன் பார்க்க வந்தார்.
உள்ளங்கையால் மேடையைத் தடவினார்.
டீயை அதன்மேல் வைத்து
குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"வாட்டம் இருக்கு."
ஒரு வாய் குடித்தார்.
"தண்ணி போற பக்கம் இல்ல.
ஆனா இருக்கு."

பாலக்கோட்டுத் தக்காளி மலிந்த வாரம்
ஐந்து கிலோ வாங்கிக் கொட்டினால்
ஒவ்வொன்றாகக் கிளம்பும்,
அவசரமில்லாமல், ஜன்னல் பக்கம்.
கறுப்பிலிருந்து கறுப்பில்லாததற்குத் தாண்டும்போது
ஒரு சின்னத் தயக்கம்.
நான் குழம்பைக் கிளறிக்கொண்டே
இடது கையை நீட்டி வைக்கிறேன்.

வந்தவர்கள்தான் பதறுகிறார்கள்.