வழக்குச் சொத்து

கையக் கழுவிட்டுத்தான் வந்தேன்.
எலுமிச்சந்தோலு, சீயக்கா, கடைசியா மண்ணெண்ண.
இருந்தும் கூண்டுல ஏறினதும்
டைப் அடிக்கிற அம்மா மூக்கச் சுளிச்சாங்க.
வவ்வா மீன் கவுச்சி அது, தோலுக்குள்ள போயிட்டது.

பேரு?
தேசம்மா.
வேல?
காசிமேட்டுல மீன் வெட்றது.
பாதிக்கப்பட்டவங்க உங்களுக்கு என்ன உறவு?
கேட்டப்புறந்தான் குதிரைன்னு ஞாபகம் வந்து
குமாஸ்தா அந்த வரியக் கோடு போட்டு அடிச்சாரு.
அந்தக் கோட்டுக்குக் கீழ
எங்கிட்ட ஒரு பதில் இருந்திச்சு.

ஞாயித்துக்கெழம, விடிய நாலரை.
எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க
வரிசையா தூங்கிட்டிருந்திச்சு.
நான் ஏலத்துக்குப் போறேன், தலையில காலிக் கூடை.
மொதல்ல பைக்குங்க வந்திச்சு, ஆரனும் விசிலுமா.
நடுவுல ரெண்டு வண்டி, ரெண்டு குதிரை.
டீசல் கொட்டிக் கெடந்த எடத்துல
சாம்பக் கலர் குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்திச்சு.
டில்லிபாபு எறங்கினான். கம்பு நுனியில ஆணி.
எந்திரின்னுகூடச் சொல்லல.
சொல்லியிருந்தா அதுக்குப் புரிஞ்சிருக்கும்.

எண்ணினேன்.
கூடைக்கு இத்தினி மீனுன்னு எண்ணி எண்ணிப்
பழகின வாயி, தானா எண்ணிச்சு.
முப்பத்தொண்ணு.
அதுக்கப்புறம் கூடையத் தூக்கி அவன் மேல வீசிட்டேன்.

"அக்கா, மனுசன் கேசே மலையாட்டம் கெடக்குது"ன்னாங்க ஸ்டேஷன்ல.
ரிஸ்வானா வந்தா. மாட்டாஸ்பத்திரியில படிக்கிற பொண்ணு.
ஒம்போது நாளு அந்த பெஞ்சுல
டிபன் பாக்ஸோட உக்காந்தா.
பத்தாம் நாளு நம்பர் போட்டாங்க.
வண்டி ஒண்ணு, கம்பு ஒண்ணு, துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு,
குதிரை ஒண்ணு.
வழக்குச் சொத்து.

எதிர்த்தரப்பு வக்கீல் கோட்ட இழுத்துவிட்டுக்கிட்டாரு.
"நாளைக்கு எத்தினி மீன் வெட்டுவீங்கம்மா?"
"வரத்தப் பொறுத்து சார். எரநூறு, முந்நூறு."
"அதுங்களுக்கு வலிக்காதா?"
கோர்ட்டே சிரிச்சிது. காவலுக்கு நின்னவருகூட.
டில்லிபாபு சிரிக்கல,
தரையப் பாத்திட்டிருந்தான்.

எனக்கு அந்தக் கேள்வி புதுசில்ல.
வெட்டுக்கட்டைக்குப் பின்னால, ஐஸ் கரையுற நேரத்துல
நானே கேட்டதுதான், பதில் கெடைச்சதில்ல.
அதையே சொன்னேன்.
"தெரியாது சார்.
சில நாளு நண்டு கால ஆட்டும்,
கத்திய வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பேன்.
அப்புறம் எடுத்துக்குவேன், வாடக இருக்குதில்ல.
எங் கையில ரத்தம் இருக்குது.
இல்லாதவங்க யாராச்சும் அன்னிக்கு அந்த ரோட்ல நின்னிருந்தா
அவங்களக் கூப்புடுங்க,
நான் எறங்கிக்கிறேன்."

ஃபேன் மட்டும் ஓடிட்டிருந்திச்சு.
மாஜிஸ்ட்ரேட் அம்மா நிமிந்து பாத்தாங்க.
"முப்பத்தொண்ணுன்னு எழுதிக்கங்க"ன்னாங்க,
வேற ஒண்ணும் சொல்லல.

தீர்ப்பு இன்னும் வரல.
ஆடி மாசத்துக்கு வாய்தா தள்ளிட்டாங்க.
வந்தாலும், அந்த அடிக்குன்னு இருக்கிற சட்டத்துல
அபராதம் அம்பது ரூவாதானாம்.
வஞ்சரத்துல வாலுகூட வராது அதுக்கு.

மாதவரம் பக்கம் ஒரு கொட்டாயில கட்டியிருக்காங்க.
ரெண்டு பஸ் மாறிப் போனேன்.
கைய நீட்டினேன்.
மோந்து பாத்திச்சு:
எலுமிச்ச, மண்ணெண்ண, அதுக்கடியில எம் பொழப்பு.
பின்னால நகந்துக்கிச்சு.
கையில கம்பில்லன்னு நம்ப
அதுக்கு இன்னும் எத்தினி வாய்தாவோ.

வெல்லத்தக் கீழ வெச்சிட்டுத்
திரும்பி நின்னுக்கிட்டேன்.
ரொம்ப நேரங்கழிச்சு, முதுவுக்குப் பின்னால,
மெல்லுற சத்தம்.