உங்களிடம் கேள்வி ஏதும் உண்டா

காளவாசல் கிளைக்குத் தளப் பொறுப்பாளர் வேண்டுமாம்.
ஏசி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்.
உட்காருங்க என்றார்கள்.
உட்கார்ந்தேன், நுனியில்.

"ஒச்சம்மாள்... உசிலம்பட்டியா?"
செக்கானூரணி, சார்.
"பதினோரு வருஷம் சேலை செக்ஷன்.
ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியது உண்டா?
ஏதாவது ஒரு சம்பவம் சொல்லுங்க."

ஜெஸிந்தா சொல்லித் தந்தது நாக்கு நுனியில் இருந்தது:
ஆறு பேர், ஆடித் தள்ளுபடி, இலக்குக்கு மேல் விற்பனை.
வாயைத் திறந்தால் வேறு வந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சார்.
விளக்குத்தூண் கடை, மூன்றாம் மாடி.
படியில்கூட ஆள்.
ராத்திரி எட்டேகாலுக்குக் கரண்டு போனது,
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
ஒரு பிள்ளை வீரிட்டது.
யாரோ தீ என்றார்கள்; தீ இல்லை.
நடுவிலிருந்து ஒரு சேலையை உருவினால்
மொத்த அடுக்கும் சரியுமே,
அப்படிச் சாய்ந்தது கூட்டம், படிப் பக்கமாக.

கவுண்டர் மேல் ஏறினேன்.
காலுக்கடியில் ஒரு பட்டு, விலை தெரியும்.
உட்காருங்க! இருக்கிற இடத்திலேயே உட்காருங்க!
எங்க பிள்ளைகள் பதினாலு பேரும்
இருட்டுக்குள் அதையே பிடித்துக்கொண்டார்கள்
உட்காருங்கக்கா, உட்காருங்கண்ணே,
மதினி, பிள்ளையை மடியில் வைங்க
சொல்லிக்கொண்டே அவர்களும் உட்கார்ந்தார்கள்.
காலை ஒன்பதுக்கு நின்ற கால்கள்.
யாரோ ஒருத்தி "யம்மாடி" என்றாள்,
அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு கேட்டது.

கரண்டு வந்தபோது படியில் மேனேஜர்.
ஒருத்தருக்கும் கீறல் இல்லை.
அவர் கண்ணில் பட்டதோ
தரையில் பதினாலு நீல யூனிஃபார்ம்.
"யார் உட்காரச் சொன்னது?"
நூர்நிஷா வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை.
நானே கையைத் தூக்கினேன்.
ரெண்டு நாள் சம்பளம் போச்சு. பட்டுக்குத் தனியாக.

இளையவர் ஏதோ எழுதினார், அடித்தார்.
"இதில் நீங்க கற்றுக்கொண்டது?" என்றார் மூத்தவர்.
இருட்டில் முதல் சத்தம் எதுவோ
அதைத்தான் ஜனம் கேட்கும் சார்.
அதனால் சீக்கிரம் கத்தணும்.

"சரி. உங்களிடம் கேள்வி ஏதும் உண்டா?"

சம்பளத்தைக் கேள் என்றிருந்தாள் ஜெஸிந்தா,
வார லீவைக் கேள், பிஎஃப் கேள்.

புதுக் கடையில் சேலை செக்ஷன் எந்த மாடி சார்?
"இரண்டாவது."
அங்கே ஸ்டூல் எத்தனை?