மாவு பொங்காத ஊர்

முகவரியில் தில்லி என்றுதான் எழுதுகிறேன்.
உண்மையில் தில்லி முடிந்து
கடுகு வயல் தொடங்கும் இடம் இது.
நஜஃப்கட் தாண்டி இரண்டு ஷேர் ஆட்டோ,
ஒரு செங்கல் சூளை, மூடிப்போன பெட்ரோல் பங்க்,
பிறகு பனிமூட்டம்.
அதற்குள் கையை விட்டுத் துழாவினால்
என் வீட்டுப் பூட்டு கிடைக்கும்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை.
விழித்ததும் முதல் வேலை
எழுந்திருக்காமல் இருப்பது.
ரஜாய்க்கு வெளியே ஒரு காலை மட்டும் நீட்டி
உலகத்தை விசாரித்துவிட்டு
மறுபடி இழுத்துக்கொள்வேன்.
கீழே எருமைக்கு எப்போதோ விடிந்துவிட்டது.
சாக்கில் அதற்குக் கோட்டு தைத்திருக்கிறார்கள்,
முதுகில் யூரியா என்று இந்தியில் எழுத்து.
இந்தத் தெருவில் அளவாகத் தைத்த கோட்டு
அது ஒன்றுதான்.

மூன்று நாளாக மாவு பொங்கவில்லை.
திங்கள் இரவு சால்வை போர்த்தினேன்.
செவ்வாய் என் பழைய ஸ்வெட்டரை மாட்டினேன்,
இரண்டு கைகளும் தொங்க
தலையில்லாத பையனைப்போல்
சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தது தூக்கு.
நேற்று பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டேன்.
நாற்பத்தோரு வயதில்
என் படுக்கையைப் பங்குபோட வந்தது
ஒரு எவர்சில்வர் பாத்திரம்.
குறட்டை விடவில்லை.
பொங்கவும் இல்லை.

கிருமி பார்ப்பதுதான் என் சம்பளம்.
சுகாதார நிலையத்தின் பின்னறையில்
சளி தடவிய கண்ணாடித் துண்டுகள்,
நீலத்தின் மேல் சிவப்புக் குச்சிகள்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி
ரிஜிஸ்டரில் ஏற்றுகிறேன்.
வேண்டாத நெஞ்சில் வேண்டாத உயிர்
எத்தனை உற்சாகமாக வளர்கிறது!
வளர்ந்து தொலையேன் என்று நான் கெஞ்சுவது
உளுந்துக்குள் முகம் புதைத்துத் தூங்குகிறது.

வாடகை வாங்க வந்த கமலேஷ்
மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.
“காய்ச்சலா இதுக்கு?” என்றாள்.
பதிலுக்குக் காத்திராமல் தூக்கிக்கொண்டு போய்
கோதுமை உமி கொட்டிய அறையில்
கழுத்துவரை புதைத்தாள்.
போன வாரம் நாய் குட்டி போட்ட இடமாம்,
சூடு இன்னும் இருக்குமாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
படித்தவள் பேசாமல் இருப்பதுதான் நல்லது
சில நேரம்.

பதினொன்றரைக்கு வெயில் வந்தது.
வந்தது என்றால், ஒரு விருந்தாளி வருவதைப்போல,
தெருவே எழுந்து இடம் கொடுத்தது.
கட்டில்கள் வெளியே வந்தன.
நரேஷ் டிராக்டர் மேலேயே சாய்ந்து
முள்ளங்கியை உப்பில் தொட்டுக் கடித்தான்,
அந்த ஓசை நான்கு வீடு கேட்டது.
எனக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை,
தலை துவட்டாத ஈரம்,
முதுகில் மட்டும் வெயில்.
வெயில் நகர நகரக் கட்டிலை இழுத்தோம்.
சாயங்காலம் பார்த்தால்
ஒரு தெரு மொத்தமும்
இருபதடி பயணம் போயிருக்கிறது.

இருட்டும்போது உமி அறையிலிருந்து கூச்சல்.
மூடி ஒரு பக்கமாய்க் கிடக்கிறது,
விளிம்பு வழிந்து உமியெல்லாம் வெள்ளை,
ஒரு குட்டிக்கு வெள்ளை மீசை.

ரொட்டிக் கல்லிலேயே ஊற்றினேன்.
முதல் இரண்டும் ஒட்டிப் பிய்ந்தன.
மூன்றாவதைக் கமலேஷ் கடுகுக் கீரையோடு தின்றுவிட்டு
“புளிச்ச சீலா” என்று பெயர் வைத்தாள்.
திருத்தவில்லை நான்.
இன்னொன்று கேட்டாள், நெய்யோடு.

இப்போது தூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்,
விரல் நுனி மரத்துவிட்டது.
அடியில் ஒரு கரண்டி மீதி வைத்திருக்கிறேன்,
அடுத்த மாவுக்கு உறையாக.
அதிலிருந்து ஒரு சொட்டு
நாளைக்குக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கலாமா?
எண்ணுவதற்கு அல்ல.
ரிஜிஸ்டரில் இதற்குக் கட்டம் கிடையாது.
சும்மா,
யார் வந்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள.